அதிர்வெண் சொல்வதும் சுரம் சொல்வதும்

செங்கல்பட்டு மாவட்டத்தில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்துள்ள கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், உலோகப் பாகங்களை உடைக்காமலும் அறுக்காமலும் அவற்றின் உட்புறத்தை மீயொலியால் சோதிக்கும் துறையில் பெயர்பெற்றது. அந்தத் திறனைக் கருநாடக மாநிலத்து ஹம்பி விட்டலர் கோயிலின் இசைத்தூண்கள்மீது செலுத்திய அம்மையத்தின் அனீஷ் குமார் முதலிய அறிவியலாளர்கள், மகாமண்டபத்திலுள்ள 11 தூண்களின் ஒலியைப் பதிவுசெய்து ஆராய்ந்து, 2008இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் முடிவுகளை வெளியிட்டனர். தூண்களுக்குள் பொள்ளல் இருக்குமோ என்று பலர் கொண்டிருந்த ஐயத்தை நீக்கி, அவை திடமான கல்லே என்றும், விரலால் தட்டும்போது கல் நுண்ணளவில் வளைந்து அதிர்வதாலேயே ஓசை பிறக்கிறது என்றும் அவ்வாய்வு காட்டியது.

அந்த ஆய்வின் ஒரு கூறான ஒலியின் அதிர்வெண்ணைக் காண்பது இன்று கைப்பேசி வைத்திருக்கும் எவருக்கும் எளிதாகிவிட்டது. ஒரு பொருள் ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். இந்த எண்ணை வாங்கிக்கொண்டு அதற்குரிய சுரத்தின் பெயரைத் தரும் இணையக் கருவிகள் பல உள்ளன. அவை செய்யும் கணக்கு ஒன்றே. உலக அளவில் ஏற்கப்பட்டபடி ஏ என்னும் சுரத்தை 440 ஹெர்ட்ஸ் என நிறுத்தி, ஒரு ஸ்தாயியை, அதாவது ஓர் அதிர்வெண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடைப்பட்ட தொலைவை, 12 சம அரைச்சுரங்களாகப் பிரிக்கின்றன. ஓர் அரைச்சுரம் ஏற, அதிர்வெண்ணை ஏறத்தாழ 1.0595ஆல் பெருக்க வேண்டும். அவ்வாறு 12 முறை பெருக்கினால் இருமடங்கு கிடைக்கும். ஒவ்வோர் அரைச்சுரமும் மேலும் 100 சென்ட்டுகளாகப் பகுக்கப்படுகிறது. 256 ஹெர்ட்ஸ் என்று கொடுத்தால், மிக நெருங்கிய சுரம் 261.63 ஹெர்ட்ஸில் உள்ள சி என்றும், கொடுத்த ஒலி அதைவிட 38 சென்ட் தாழ்ந்தது என்றும் கருவி விடை தரும்.

ஒலிவாங்கி வழியாக நேரே கேட்கும் கருவிகளுக்கு வேலை கூடுதல். தம்புராவின் ஒரு தந்தியை மீட்டினாலே அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு எனப் பல மேற்சுரங்கள் சேர்ந்து ஒலிக்கின்றன. கருவி அந்தக் கலவையைப் பிரித்து அடிப்படையைக் கண்டறிய வேண்டும். மேற்சுரம் ஒன்று ஓங்கி ஒலித்தால், சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே தள்ளிச் சொல்லிவிடுவதும் உண்டு.

இங்கிருந்துதான் தமிழ் இசை மாணவர் விழிப்போடு இருக்க வேண்டும். மேலை இசையில் சி, டி என்பவை நிலையான அதிர்வெண்களின் பெயர்கள். நம் இசையில் ச, ரி, க என்பவையோ பாடுபவர் தேர்ந்துகொண்ட ஆதார சட்ஜத்திலிருந்து அளக்கப்படும் உறவுகள். 294 ஹெர்ட்ஸ் ஒலியைக் கருவி எப்போதும் டி என்றே சொல்லும். ஒரு கட்டைச் சுருதியில், அதாவது சட்ஜம் ஏறத்தாழ 262 ஹெர்ட்ஸில் நிற்கப் பாடுபவருக்கு அது சதுச்ருதி ரிஷபம். ஐந்து கட்டையில், 196 ஹெர்ட்ஸில் சட்ஜத்தை வைத்துப் பாடும் பெண்ணுக்கு அதே ஒலி பஞ்சமம். ஒலி மாறவில்லை, எண் மாறவில்லை. சட்ஜம் இடம் மாறியதால் சுரம் மாறிவிட்டது.

மற்றொரு வேறுபாடு நுட்பமானது. தம்புராவோடு இழைந்து பாடப்படும் அந்தர காந்தாரம் சட்ஜத்தின் ஒன்றேகால் மடங்கில் நிற்கும். 12 சம பங்கு முறையின் காந்தாரம் அதைவிட ஏறத்தாழ 14 சென்ட் உயரத்தில் உள்ளது. ஆகவே சுருதி சுத்தமாகப் பாடிய காந்தாரத்தைக் கருவி தாழ்ந்தது என்று காட்டக்கூடும். அதை நம்பிக் குரலை உயர்த்தினால், சேர்ந்திருந்த சுருதிதான் கலையும். கமகத்தில் சுரம் ஓரிடத்தில் நில்லாமல் அசைந்துகொண்டே இருப்பதால், ஒற்றைப் பெயர் சொல்லும் கருவி அங்கே தடுமாறுவது இயல்பே.

கல்லின் ஒலி இன்னும் சிக்கலானது. இசைத்தூணைப்போல் இரு முனையும் இறுகப் பிடிக்கப்பட்ட சீரான தண்டு வளைந்து அதிரும்போது, அதன் இரண்டாம் அதிர்வெண் தந்தியைப்போல் இருமடங்காக இராமல், அடிப்படையின் ஏறத்தாழ 2.76 மடங்காக இருக்கும். அடிப்படையைச் சட்ஜமாகக் கொண்டால், அது மேல் ஸ்தாயியில் சுத்த மத்தியமத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் நடுவே, எந்தச் சுரத்திலும் சேராமல் விழுகிறது. இவ்வாறு வளைந்து அதிரும் தண்டின் தடிமன் இருமடங்கானால் அதிர்வெண்ணும் இருமடங்காகும். நீளம் பாதியானால் நான்கு மடங்காகும். எனவே நீளம் மாறாத மெல்லிய தூணில் ஓர் அரைச்சுரம் இறக்கத் தடிமனில் ஏறத்தாழ 6 விழுக்காடு செதுக்கினால் போதும். உளியால் இத்தகைய தூண்களை அமைத்தவர்கள் எவ்வளவு கவனமாகச் செதுக்கியிருக்க வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும்.

மாமல்லபுரத்தில் இன்றும் தொடரும் சிற்பத் தொழிலிலும் கல்லின் ஓசைக்குத் தனி இடம் உண்டு. மணிபோல் ஒலிப்பது ஆண் கல், வெண்கலத் தாளம்போல் ஒலிப்பது பெண் கல், ஓசையற்றது நபும்சகக் கல் என்பது சிற்ப மரபின் பாகுபாடு. உள்ளே விரிசல் ஓடிய கல், அதிர்வின் ஆற்றலை விரிசலிலேயே இழந்து மந்தமாக ஒலிக்கும். சிற்பி காதால் தேர்வதும் அறிவியலாளர் மீயொலியால் தேர்வதும் கல்லின் உள்ளிருக்கும் அதே குறையைத்தான்.

ஆகவே இக்கருவிகள் தரும் அதிர்வெண்ணைப் பயன்படுத்திக்கொள்ளலாம். சுரப்பெயரை மட்டும், எந்தச் சட்ஜத்தைக் கொண்டு அளந்தது என்று கேட்ட பிறகே ஏற்க வேண்டும். நம் மாணவர்களுக்கென உருவாகும் கருவி முதலில் அவர்களுடைய கட்டையைக் கேட்டு, அதன்பின் பன்னிரு சுரத்தானங்களின் பெயரால் விடை சொல்லுமானால், அதுவே நம் இசைக்குப் பொருந்தும் துணையாகும்.