ஒரே இயலில் இருவர்

திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் போகும் பேருந்து காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என ஐந்து ஆறுகளைத் தாண்டும். தமிழ்ப் பல்கலைக்கழகம் அதற்கும் அப்பால். எழுதிய இயலை அச்செடுத்து, ஸ்பைரல் போட்டு, அவ்வளவு தூரம் போய்க் கைடு (நெறியாளர்) மேசையில் வைத்துவிட்டுச் சிவப்பு மைக்குக் காத்திருப்பதுதான் ஆய்வு மாணவரின் பழைய வாழ்க்கை. கூகுள் டாக்ஸ் போன்ற, பலர் கூடி எழுதும் செயலிகள் அந்தச் சிவப்பு மையைத் திரைக்குக் கொண்டுவந்திருக்கின்றன.

இருவர் ஒரே வரியில் தட்டினாலும் எழுத்து ஏன் குழம்புவதில்லை? நெறியாளர் 12-ஆம் இடத்து எழுத்தை நீக்குகிறார். அந்தக் கட்டளை போய்ச் சேருமுன் மாணவர் வரியின் தொடக்கத்தில் 5 எழுத்துகளைச் சேர்த்துவிட்டார். கட்டளையை அப்படியே நிறைவேற்றினால் வேறோர் எழுத்து பறிபோகும். ஆகவே மென்பொருள் அந்த 5-ஐக் கூட்டி, நீக்க வேண்டியது 17-ஆம் இடம் என்று திருத்திக்கொள்கிறது. எல்லிஸ், கிப்ஸ் என்ற இரு கணினியாளர்கள் 1989-இல் வெளியிட்ட யோசனை இது. (இந்தக் கணக்கில் ‘திருவையாறு’ ஐந்தெழுத்து ஊர் அல்ல. கணினியின் பொது எழுத்துக் குறிமுறையான யூனிகோடில் துணைக்குறிகளுக்கும் தனி இடம் உண்டு, மொத்தம் பத்து.)

நெறியாளருக்கு இதைவிடப் பயன்படுவது ‘பரிந்துரை’ முறை. அவர் அடிப்பதும் சேர்ப்பதும் வேறு நிறத்தில் நிற்கும். மாணவர் ஏற்கலாம், மறுக்கலாம், ஓரக்குறிப்பில் வாதாடலாம். பதிப்பு வரலாற்றைத் திறந்தால் எந்தப் பத்தி எப்போது வந்தது என்பது தெரியும். ஒரே இரவில் முழு இயலும் வந்து இறங்கியிருந்தால் அதுவும் தெரியும்!

தமிழ்த் துறைகளில் இடைஞ்சல் வேறிடத்தில் இருக்கிறது: பாமினி எழுத்துரு. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை ஒட்டி வைப்பது. கூகுள் டாக்ஸில் நம் எழுத்துருவை ஏற்ற வழியில்லை. பாமினியில் தட்டிய ஆய்வேடு முழுதும் அங்கே ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் உண்டு. ஆனால் துணைநூற்பட்டியலின் ஆங்கிலத் தலைப்புகளையும் அவை தமிழாக்கிக் குதறிவிடும். மறுபடி உட்கார்ந்து திருத்த வேண்டும். முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவிலும் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-லேயே விதித்துவிட்டது. அப்படித் திரளும் ‘சோத்கங்கா’ களஞ்சியத்தில் பாமினி ஆய்வேட்டுக்குள் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினால் அகப்படாது.

நெறியாளர்களே, மாணவர் பதிவு செய்யும் நாளிலேயே யூனிகோடில் தட்டச் சொல்லுங்கள். டிடிபி கடைக்காரரிடமும் அதையே கேட்கச் சொல்லுங்கள்.