மாதிரி ஜெட் விமானம்: வாங்குமுன் அறிய வேண்டியவை

ரேடியோ கருவியால் இயங்கும் மாதிரி ஜெட் விமானங்கள் இருவகைப்படும். உடலுக்குள் விசிறி பொருத்தியவை அசல் ஜெட்டைப் போலவே தோன்றும். ஆனால் பேட்டரியை விரைவில் தீர்த்துவிடும். பின்புறம் புரொப்பெல்லர் உள்ளவை அகன்ற காற்றுப்பரப்பை மெதுவாகத் தள்ளுவதால், அதே பேட்டரியில் கூடுதல் நேரம் பறக்கும். முதன்முறை வாங்குவோர்க்கு இரண்டாம் வகையையே, நுரை உடலுடன், பரிந்துரைக்கிறோம். பழுதுச் செலவு குறைவு.

அடுத்து, இடமறிந்து தேர்ந்தெடுத்தல் வேண்டும். பாலக்காட்டுக் கணவாயில் காற்று குவிந்து வீசும். மிக இலேசான மாதிரி அங்கே தள்ளாடும். சற்றே எடையுள்ளதை, காற்றடங்கிய அதிகாலையில் பறக்கவிடுவதே நன்று. இடுக்கி மலைகளில் நிலைமை வேறு. ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுள்ள வாகமண்ணில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் 10 விழுக்காடு குறைவு. இறக்கைக்கும் புரொப்பெல்லருக்கும் பிடிமானம் குறைவதால், அங்கே அகன்ற இறக்கையும் குறைந்த எடையும் உள்ள மாதிரியே ஏற்றது.

கையால் எறிந்து பறக்கவிடும்போது புரொப்பெல்லர் கைக்குப் பின்னால் சுழலும் என்பதை மறவற்க. விமானம் கையை விட்டு நீங்கிய பின்னரே விசையைக் கூட்டுதல் வேண்டும்.

அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ வரைபடத்தில் அவ்விடம் பச்சை மண்டலமா என்பதை முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள். இரவிகுளம், பரம்பிக்குளம் போன்ற காப்புக்காடுகளைத் தவிர்த்திடுங்கள். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள்படி, 250 கிராமுக்கு மேற்பட்ட ஆளில்லா விமானத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு தேவை. பிறர்மீது விழுந்தால் நேரும் இழப்பு, விமானத்தின் விலையைவிடப் பன்மடங்காகலாம். ஆகவே வாங்கும் செலவைக் கணக்கிடும்போதே காப்பீட்டுத் தொகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.