ஆதிச்சநல்லூர் வெண்கலக் கலங்களின் அலங்கார உருவங்கள்

ஆதிச்சநல்லூர் வெண்கலக் கலங்களின் அலங்கார உருவங்கள் என்பவை, தமிழ்நாட்டின் தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணி ஆற்றின் தென்கரையில் அமைந்துள்ள ஆதிச்சநல்லூர் இடுகாட்டில் கிடைத்த வெண்கலப் பாத்திர மூடிகளையும் கலத்தாங்கிகளையும் அணிசெய்யும் விலங்கு, பறவை உருவங்கள் ஆகும். இவை இரும்புக் காலத்தைச் சேர்ந்தவை.

அகழாய்வு

1876 ஆம் ஆண்டு செருமானியரான பியோதர் யாகோர் இங்கு முதலில் அகழ்ந்தார். அவர் எடுத்த பொருட்கள் பெர்லின் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன. பின்னர் இந்தியத் தொல்லியல் துறையைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை விரிவான அகழாய்வை நடத்தினார். அவர் கண்டெடுத்தவை சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. 2004-05 அகழாய்வில் கிடைத்த மாதிரிகளின் கரிமக் காலக்கணிப்பு கி.மு. 905, கி.மு. 696 ஆகிய ஆண்டுகளைத் தந்ததாக 2019 இல் அறிவிக்கப்பட்டது.

உருவங்கள்

எருமை, ஆடு, சேவல் ஆகிய வீட்டு உயிரினங்களும், புலி, மான், யானை ஆகிய காட்டு விலங்குகளும், பறவைகளும் இவ்வுருவங்களில் இடம்பெறுகின்றன. மூடிகளின் உச்சியில் உள்ளவை பிடியாகவும் பயன்படத்தக்கவை.

ஆயுதங்களும் கருவிகளும் இரும்பால் செய்யப்பட்டிருக்க, வெண்கலம் கலங்களுக்கும் அணிகளுக்குமே பயன்பட்டுள்ளது. வாள், ஈட்டி ஆகியவற்றுக்கு இரும்பு இருந்ததால், அரிதான வெள்ளீயம் தேவைப்படும் வெண்கலம் அழகுக்கும் மதிப்புக்கும் உரிய உலோகமாக இருந்தது எனலாம்.

உலோகத் தொழினுட்பம்

வழக்கமான வெண்கலத்தில் வெள்ளீயம் ஏறத்தாழ 10 விழுக்காடு இருக்கும். ஆதிச்சநல்லூர்க் கலங்கள் சிலவற்றில் இது 23 விழுக்காட்டை ஒட்டியுள்ளது. இத்தகைய உலோகம் குளிர்ந்த நிலையில் அடித்தால் உடைந்துவிடும். செந்நிறமாகக் காய்ச்சிய நிலையில் மட்டுமே மெல்லிய தகடாக அடிக்க இயலும். பின்னர் நீரில் திடீரெனக் குளிர்வித்தால் அதன் நொறுங்கும் தன்மை குறைந்து, பொன் போன்ற பளபளப்புக் கிடைக்கும். இம்முறை நீலகிரிக் கல்லறைகளில் கிடைத்த கிண்ணங்களிலும் காணப்படுகிறது.

ஒப்பீடு

பண்டைய கிரேக்கர் மரக் கட்டில்களின் தலைச்சாய்வில் கோவேறு கழுதைத் தலை, தெய்வ உருவம் முதலிய வெண்கல அணிகளைப் பொருத்தினர். தெலோசுத் தீவு இதற்குப் புகழ்பெற்றது. 1907 இல் தூனிசியாவின் மகுதியா அருகே கண்டறியப்பட்ட மூழ்கிய கப்பலிலும் இவ்வணிகள் கிடைத்தன. அங்கு மரம் அழிந்து வெண்கலமே எஞ்சியது. ஆதிச்சநல்லூரில் கலமும் அணியும் ஒரே உலோகத்தால் ஆனதால், உருவம் எக்கலத்திற்கு உரியது என்பதையும் பல இடங்களில் அறிய முடிகிறது.