ஹீட்டர் கற்றுத் தந்த கம்ப்யூட்டர் பாடம்

கம்ப்யூட்டர் ஓடிக் கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? "எந்த பார்ட் போய்விட்டதோ அதை மாற்றிவிடுங்கள்" என்று சர்வீஸ் செய்பவரிடம் சொல்லிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். என்ன பார்ட் போனது என்பது ஒரு கேள்வி. அது ஏன் போனது என்பது வேறு கேள்வி. இதை எனக்குப் புரிய வைத்தது கம்ப்யூட்டர் அல்ல. ஒரு பழைய பிக்கப் டிரக்கின் ஹீட்டர்.

2022 டிசம்பரில் அலுவலகப் பணிக்காக அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருந்தேன். குளிர்காலத்தில் அங்கே வெப்பநிலை சாதாரணமாக பூஜ்யத்திற்குக் கீழே போகும். வண்டியின் முன்கண்ணாடி உட்புறத்தில் ஆவி படிந்து பாதையை மறைக்கும். அதை நீக்குவது ஹீட்டரிலிருந்து வரும் சூடான காற்றுதான். நான் வாங்கியிருந்த 2003 மாடல் டிரக்கில் ஒரு நாள் காற்றின் முதல் மூன்று வேகங்களும் நின்றுவிட்டன. நான்காவது வேகம் மட்டும் வேலை செய்தது.

ஹீட்டர் எப்படி இயங்குகிறது?

என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் சூடாகி, டேஷ்போர்டுக்குள் இருக்கும் "ஹீட்டர் கோர்" என்ற சிறிய ரேடியேட்டர் வழியாக ஓடுகிறது. "புளோயர்" எனப்படும் மின்விசிறி அதன் மீது காற்றை ஊதுகிறது. எனவே காற்று வருகிறது, ஆனால் சூடு இல்லை என்றால் கூலன்ட் பக்கம் பார்க்க வேண்டும். காற்றே வரவில்லை என்றால் புளோயர் பக்கம் பார்க்க வேண்டும். இப்படிப் பிரித்துப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

என் டிரக்கில் நான்காவது வேகத்தில் மோட்டாருக்கு பேட்டரியின் மின்சாரம் நேராகப் போகிறது. மற்ற மூன்று வேகங்களில் ரெசிஸ்டர் சுருள்கள் வழியாகக் குறைந்து போகிறது. கரண்ட் அளவு மீறி ரெசிஸ்டர் சூடானால், அதிலுள்ள வெப்ப ஃப்யூஸ் அறுந்துவிடும். அப்போது மூன்று வேகங்களும் ஒன்றாக நின்று, நான்காவது மட்டும் ஓடும். என் டிரக்கில் நடந்தது இதேதான்.

நான் செய்த தவறு

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, டேஷ்போர்டின் கீழே இருந்த ரெசிஸ்டரை வெளியே எடுத்தேன். மல்டி மீட்டர் வைத்துப் பார்த்தபோது இணைப்பு அறுந்திருந்தது உறுதியானது. புதியதை வாங்கிப் பொருத்தியதும் நான்கு வேகமும் வந்துவிட்டது. இஞ்சினியர் ஆயிற்றே என்று என்னை நானே பாராட்டிக் கொண்டேன்.

பத்து நாள்தான். ஒரு காலை அலுவலகம் போகும் வழியில் புளோயர் முழுவதுமாக நின்றது. ஒரு நிமிடத்திற்குள் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. கையால் துடைத்துக் கொண்டே ஓட்டினேன். முன்னால் நின்ற பள்ளிப் பேருந்தின் சிவப்பு விளக்கு மிக அருகில் வந்த பிறகே தெரிந்தது. பிரேக் பிடித்து நிறுத்தியபோது கை நடுங்கியது. வண்டியை ஓரம் கட்டிவிட்டேன்.

மீண்டும் கழற்றிப் பார்த்தேன். புது ரெசிஸ்டர் கருகியிருந்தது. அதன் பிளக் உருகியிருந்தது. இந்த முறை மோட்டாரையும் கழற்றினேன். விசிறிக்குள் காய்ந்த இலைகள் அடைத்திருந்தன. தண்டைக் கையால் சுற்றினால் இறுக்கமாக இருந்தது. சுற்ற முடியாமல் திணறும் மோட்டார் அதிக கரண்ட் இழுக்கும். அந்தக் கரண்ட்தான் ரெசிஸ்டரையும் பிளக்கையும் எரித்திருக்கிறது. குற்றவாளியை விட்டுவிட்டு, அடிபட்டவனை மாற்றியிருக்கிறேன்! மோட்டார், ரெசிஸ்டர், பிளக் மூன்றையும் சேர்த்து மாற்றிய பிறகு அந்தப் பிரச்னை திரும்ப வரவில்லை.

கம்ப்யூட்டரில் எப்படி?

கேபினட்டுக்குள் ஹீட்டருக்கு நேர் எதிரான வேலை நடக்கிறது. ப்ராசசரின் சூட்டை விசிறி வெளியேற்றுகிறது. தூசி அடைத்து விசிறி திணறினால் ப்ராசசர் சூடாகி முதலில் வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். சூடு எல்லை மீறினால் கம்ப்யூட்டர் தானே நின்றுவிடும். அப்போது விண்டோஸை மீண்டும் இன்ஸ்டால் செய்வதோ, ராம் மாற்றுவதோ பயன் தராது.

எனவே முதலில் பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு கேபினட்டைத் திறந்து பாருங்கள். விசிறி எளிதாகச் சுற்றுகிறதா, தூசி அடைத்திருக்கிறதா என்று கவனியுங்கள். தூசியை ஊதும்போது விசிறி சுற்றாதபடி விரலால் பிடித்துக் கொள்ளுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். கார்டைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

அடுத்த முறை எந்த பார்ட்டை மாற்றினாலும் பணம் கொடுக்கும் முன், "இது ஏன் போனது?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்காவிட்டால் வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.