பசிக்கலைங்கிறது வீம்பு இல்லை



கல்லீரல் சுருங்கும் சிரோசிஸ் நோய் உள்ளவர் வீட்டில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "ரெண்டு வாய் சாப்பிட்டதும் போதுங்கிறார். பசிச்சாக் கேட்கட்டும், அப்பப் போட்டுக்கலாம்." இப்படிக் காத்திருப்பதுதான் ஆபத்து. ஏன் என்று பார்ப்போமா?

பசி எப்படி வருகிறது?

பசியை மூளைக்குச் சொல்பவை ஹார்மோன்கள். இரைப்பையில் சுரக்கும் கிரெலின் "சாப்பாடு வேணும்" என்கிறது. இதை 1999-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். உடம்புக் கொழுப்பில் சுரக்கும் லெப்டின் "போதும்" என்கிறது. இதில் கல்லீரலுக்கும் பங்கு உண்டு. கல்லீரலும் சிறுகுடலும் சுரக்கும் லீப்-2 என்ற பொருள் கிரெலினை அடக்குகிறது என்று 2018-ல் தெரியவந்தது. வேலை முடிந்த பல ஹார்மோன்களை உடைத்துக் கழிப்பதும் கல்லீரலே.

அது பழுதானால் இந்தக் கணக்கு குழம்பிவிடும். சிரோசிஸ் உள்ள பலருக்கு ரத்தத்தில் லெப்டின் கூடியிருக்கும். வயிற்றில் நீர் கோத்தால் இரைப்பை அழுந்தி, கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடும். வாய் ருசியும் கெடும். ஆக, பசிக்கலைங்கிறது நோயின் பேச்சு.

ஒரு ராத்திரிப் பட்டினி

நல்ல கல்லீரல் இரவுக்கான சர்க்கரைச் சத்தைச் சேமித்து வைக்கும். சுருங்கிய கல்லீரலால் அது முடியாது. நமக்கு 2, 3 நாள் பட்டினி எப்படியோ, இவர்களுக்கு ஒரு ராத்திரி அப்படி. உடம்பு தன் சதையையே கரைக்கும். கை, கால் மெலியும்.

என்ன செய்யலாம்?

1. பசிக்காகக் காத்திராமல் 2, 3 மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

2. படுக்கும் முன் இரண்டு இட்லி, பால் அல்லது சத்துமாவுக் கஞ்சி கட்டாயம். சர்க்கரை நோய் இருந்தால் அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

3. பருப்பு, முட்டை, பால், சுண்டலை நீங்களாக நிறுத்தாதீர்கள். சதை கரையாமல் காப்பது புரதம்தான்.

4. வயிறு, கால் வீங்கினால் கருவாடு, ஊறுகாய், அப்பளம், வற்றல் வேண்டாம்.

5. மாசி, பங்குனியில் முத்துமாரியம்மனுக்கு வீட்டில் மற்றவர்கள் விரதம் இருக்கட்டும். இவர்களுக்குப் பட்டினி கூடாது.

6. குடிப்பழக்கம் இருந்தால் அடியோடு நிறுத்த வேண்டும்.

ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், பேச்சில் குழப்பம் இருந்தால் உடனே 108-க்குக் கூப்பிடுங்கள். மற்றபடி காரைக்குடி அரசு மருத்துவமனையிலோ சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டலாம்.

இன்னொன்று. இது குடிக்கிறவர்களுக்கு மட்டும் வரும் நோய் இல்லை. சர்க்கரை நோய், உடல் பருமனோடு வரும் கொழுப்புக் கல்லீரலாலும், மஞ்சள்காமாலை பி, சி கிருமிகளாலும் பெண்களுக்கும் வரும். நம் வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுவது பெண்தான். அவள் "எனக்குப் பசியில்லை" என்றால் யாரும் கவனிப்பதில்லை. உங்கள் குழுவில் யாராவது பல வாரமாக அப்படிச் சொல்லி மெலிந்துகொண்டே வந்தால், கூடவே போய் டாக்டரிடம் காட்டுங்கள்.