இறுகிய தசையும் தளர்ந்த தசையும்

தசைகளை முற்றிலும் நீக்கி, எலும்பையும் வட்டுகளையும் தசைநார்களையும் மட்டும் விட்டுவைத்தால், இடுப்புப் பகுதி முதுகெலும்புத் தொடர் ஏறத்தாழ 9 கிலோ எடைக்கே வளைந்து சரிந்துவிடும் என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. மேலுடலின் எடையையும் கையில் தூக்கும் சுமையையும் நாள் முழுவதும் தாங்கி நிற்கும் வலிமையை அத்தொடருக்குச் சுற்றியுள்ள தசைகளே தருகின்றன. ஆகவே அத்தசைகளுள் சில இறுகிச் சில தளரும்போது, எக்ஸ்ரே படத்தில் குறை எதுவும் தென்படாமலேயே முதுகு வலிக்கலாம்.

இறுக்கமும் தளர்ச்சியும் இணைந்தே வரும் என்னும் கருத்தை விரிவாக வகுத்தவர், இளம்வயதில் போலியோவால் தாக்குண்டு, பின்னாளில் பிராக் நகரில் மறுவாழ்வு மருத்துவராகப் பணியாற்றிய விளாடிமிர் யாண்டா. முதுகெலும்பின் முன்பக்கத்திலிருந்து இறங்கித் தொடையெலும்பின் உட்புறத்தில் முடியும் இடுப்பு மடக்குத் தசை, மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்போருக்குக் குறுகிய நிலையிலேயே பழகிவிடுகிறது. எழுந்து நிற்கும்போது அது முதுகெலும்பை முன்னோக்கி இழுக்க, அதை எதிர்த்து நிற்க வேண்டிய வயிற்றுத் தசையும் பிட்டத் தசையும் வலுக்குன்றியிருப்பதால், இடுப்பெலும்பு முன்புறம் சாய்ந்து கீழ்முதுகின் வளைவு ஆழமாகிறது. இறுகிய தசைகளும் தளர்ந்த தசைகளும் பக்கவாட்டிலிருந்து பார்க்கையில் பெருக்கல் குறிபோல எதிரெதிரே அமைவதால், யாண்டா இந்நிலையைக் கீழ்க் குறுக்கு நோய்க்குறி என்றார்.

விளக்கம் அழகானதுதான், ஆனால் உடல் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. ஆழ்ந்த வளைவு கொண்ட பலர் வலியின்றி வாழ்கின்றனர். வளைவின் அளவைக் கொண்டு வலியைக் கணிக்க முயன்ற பிற்கால ஆய்வுகளும் உறுதியான தொடர்பைக் காட்டவில்லை.

இதைவிட வலுவான சான்று ஆழத்தில் உள்ள சிறு தசைகளிடமிருந்து கிடைத்தது. கையை உயர்த்த எண்ணியதுமே, கை அசைவதற்கு முன்பாக, வயிற்றின் உள்ளடுக்கில் பட்டை போலச் சுற்றியிருக்கும் தசை இறுகி முதுகெலும்பை நிலைப்படுத்துவதையும், முதுகுவலி உள்ளோரிடம் அந்த முன்னேற்பாடு தாமதமாவதையும் ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் ஆகிய ஆய்வாளர்கள் 1996இல் அளந்து காட்டினர். அதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் ஜூலி ஹைட்ஸ் அல்ட்ராசவுண்ட் கருவியால் பார்த்தபோது, முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் பன்மடித் தசை, வலித்த பக்கத்தில் மெலிந்திருந்தது. வலி நீங்கிய பின்னும் அது தானாகப் பழைய பருமனுக்குத் திரும்பவில்லை. முதன்முறை வலி கண்டவர்களுள், இத்தசைக்குத் தனிப்பயிற்சி பெற்றோரில் 30 விழுக்காட்டினருக்கும், பயிற்சி பெறாதோரில் 84 விழுக்காட்டினருக்கும் ஓராண்டுக்குள் வலி திரும்பியது. ஆய்வில் பங்கேற்றோர் 39 பேரே என்பதால் எண்களை அப்படியே எல்லோருக்கும் பொருத்த முடியாது; ஆயினும் ஒருமுறை பிடித்துக்கொண்ட இடுப்பு ஏன் அடிக்கடி பிடிக்கிறது என்பதற்கு இது நல்ல விடை.

நோயாளி உணரும் இறுக்கம் எப்போதும் குறுகிப்போன தசையைக் குறிப்பதில்லை. ஆழத்துத் தசை வேலை செய்யாதபோது, மேலோட்டமான பெருந்தசைகள் காவலுக்கு நின்று விறைத்துக்கொள்கின்றன. தைலம் தேய்த்து நீவிவிட்டால் கிடைக்கும் சுகம் சில மணி நேரத்தில் கலைந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். தசையின் வலிமையைவிடத் தாக்குப்பிடிக்கும் திறன் முக்கியமானது என்பதும் கவனிக்கத்தக்கது: மேலுடலை மேசை விளிம்புக்கு வெளியே நீட்டிக் குப்புறப் படுத்து நெடுநேரம் நிலைகொள்ள முடியாத ஆண்களுக்கு, அடுத்து வரும் ஓராண்டில் முதுகுவலி தோன்றும் வாய்ப்பு கூடுதல் என்று டென்மார்க்கில் நடத்தப்பட்டு 1984இல் வெளியான ஆய்வு கண்டது.

கால் மரத்துப்போதல், சிறுநீரை அடக்க இயலாமை, காய்ச்சலோடு வரும் வலி ஆகியவை தசைக் கோளாறாகக் கருதப்படாமல் உடனே மருத்துவரிடம் காட்டப்பட வேண்டியவை. இவ்வறிகுறிகள் இல்லாதோருக்குப் பயிற்சியே முதல் மருந்து. அதையும் முறையறிந்து செய்ய வேண்டும். ஒரு முழங்காலை ஊன்றி இடுப்பு மடக்குத் தசையை நீட்டுவோரில் பலர், முதுகை வளைத்து முன்னே சாய்ந்துவிடுவதால், நீள வேண்டிய தசை நீளாமல் கீழ்முதுகே மடங்குகிறது. ஊன்றிய காலின் பக்கத்துப் பிட்டத் தசையை முதலில் இறுக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றால், முன்னே சாயாமலே தொடையின் முன்புறம் இழுபடுவது தெரியும்.