தென்னைக் குரும்பையில் வாழும் இரைவிழுங்கிச் சிலந்திப்பேன்: நியோசீயுலஸ் பராக்கி இனத்தின் விளக்கமும் வகைப்பாடும்

ஆய்வுச் சுருக்கம்
தென்னை ஈரியோபைட் சிலந்தியை உண்டு வாழும் நியோசீயுலஸ் பராக்கி என்னும் சிற்றினம் எவ்வாறு விவரிக்கப்பட்டு வகைப்படுத்தப்படுகிறது என்பதையும், உயிரியல் கட்டுப்பாட்டில் அவ்வகைப்பாட்டின் இன்றியமையாமையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஃபைட்டோசீடே, நியோசீயுலஸ், நுண்மயிர், விந்தேற்பை, மறைசிற்றினம்.

முன்னுரை
மெக்சிகோவின் குரேரோ மாநிலத்திலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1965இல் கெய்ஃபர் என்பவரால் விவரிக்கப்பட்ட ஈரியோபைட் சிலந்தி, 1997இன் இறுதியில் இலங்கையின் கற்பிட்டியிலும், 1998இல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்திலும் அறியப்பட்டது. குரும்பையின் காம்பை ஒட்டி மூடியுள்ள தொப்பி இதழ்களுக்கு அடியில் இது வாழ்வதால், மேலே தெளிக்கப்படும் மருந்து இதனை எளிதில் எட்டுவதில்லை. அவ்விடுக்கினுள் நுழையவல்ல இயற்கை எதிரிகளுள் நியோசீயுலஸ் பராக்கி குறிப்பிடத்தக்கது.

வகைப்பாட்டு நிலை
இச்சிற்றினம் மீசோஸ்டிக்மேட்டா வரிசையின் ஃபைட்டோசீடே குடும்பத்தைச் சார்ந்தது. இக்குடும்பம் அம்பிளிசீயினே, ஃபைட்டோசீயினே, டிஃப்ளோட்ரோமினே என மூன்று துணைக்குடும்பங்களாகப் பகுக்கப்படும். முதுகின் இசட்3, எஸ்6 ஆகிய முன்பகுதி நுண்மயிர்கள் இல்லாமை அம்பிளிசீயினேயின் அடையாளமாகும். பராக்கி இதனுள் அடங்கும். அல்ஜீரியாவிலிருந்து இதனை 1966இல் அத்தியாஸ்-ஆன்ரியோ விவரித்தார். இன்று அவர் பெயர் பிறை அடைப்புக்குள் எழுதப்படுகிறது. முதலில் வேறொரு பேரினத்தில் வைக்கப்பட்ட சிற்றினம் பின்னர் நியோசீயுலஸ் பேரினத்திற்கு மாற்றப்பட்டது என்பதே அதன் பொருள்.

விளக்க முறை
ஃபைட்டோசீடே சிற்றினங்கள் பெரும்பாலும் முதிர்ந்த பெண் உயிரியைக் கொண்டே விவரிக்கப்படுகின்றன. அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த உடலை லாக்டிக் அமிலத்தில் தெளியவைத்து, ஹோயர் ஊடகத்தில் கண்ணாடித் தகட்டில் பதித்து, கட்டவேறுபாட்டு நுண்ணோக்கியில் அளவிடுவர். முதுகுத் தகட்டில் 24 இணைகளுக்கும் குறைவான நுண்மயிர்களே உள்ளன. ஒவ்வொன்றும் தன் இடத்திற்கேற்பப் பெயர் பெறும்: முன்பகுதி நுண்மயிர்களுக்கு ஆங்கிலச் சிற்றெழுத்தும், பின்பகுதியினவற்றிற்குப் பேரெழுத்தும் வழங்கும். 1965இல் லிண்ட்குவிஸ்ட், எவன்ஸ் ஆகியோர் வகுத்த இம்முறையை 1978இல் ரோவல் குழுவினர் இக்குடும்பத்திற்குப் பொருத்தினர். சிற்றெழுத்து எஸ்4இன் நீளம் பேரெழுத்து இசட்1இன் மூன்று மடங்கிற்குக் குறைவாயிருத்தல் நியோசீயுலஸ் சார்ந்த இனக்குழுவை அறிய உதவும்.

பராக்கியின் உடல் நீண்டு தட்டையானது, கால்கள் குறுகியவை. குறுகிய இடுக்கில் வாழ்வதற்கு இவ்வமைப்பு ஏற்றது. ஆயினும் உருவ அமைப்பு மட்டும் அடையாளமாகாது. தென்னையிலேயே காணப்படும் நியோசீயுலஸ் பாஸ்பலிவோரஸ் என்னும் சிற்றினமும் இதே தோற்றமுடையது. ஆகவே, விந்தேற்பையின் கிண்ணப் பகுதி, அடிவயிற்றுத் தகட்டின் வடிவம், நுண்மயிர்களின் நீளம் ஆகியவற்றை ஒருங்கே ஒப்பிட்டே இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

மறைசிற்றினச் சிக்கல்
உருவத்தால் ஒன்றெனத் தோன்றும் குலங்கள் இனப்பெருக்கத்தால் வேறுபடலாம். வெவ்வேறு நாடுகளிலிருந்து திரட்டப்பட்ட பராக்கிக் குலங்களை இணைசேர்த்த ஆய்வுகளில், சில குலங்களுக்கிடையே இனக்கலப்பு நிகழவில்லை. எனவே ஒரே பெயரின் கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் மறைந்திருக்கக்கூடும். இது பெயர் பற்றிய விவாதம் மட்டுமன்று. இலங்கையில் லுணுவில தென்னை ஆராய்ச்சி நிறுவனம் இவ்வுயிரியைப் பெருமளவில் வளர்த்துத் தோப்புகளில் விடுவித்துள்ளது. ஒரு நாட்டில் பயனளித்த குலத்தைப் பெயரொற்றுமை கருதி மற்றொரு நாட்டில் விடுவித்தால், அது அங்குள்ள குலத்துடன் இணையாது போகலாம். இரைத்தேர்வும் பெருக்க வீதமும் மாறலாம்.

முடிவுரை
நுண்மயிர் அளவீடு, மரபணு வரிசை ஒப்பீடு, இனக்கலப்புச் சோதனை ஆகிய மூன்றும் இணைந்த வகைப்பாடே நம்பத்தக்கது. உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வு ஒவ்வொன்றும், பயன்படுத்திய குலத்தின் சான்று மாதிரிகளை அருங்காட்சியகத் தொகுப்பில் வைப்பது தேவை. பெயர் பின்னர் திருத்தப்படினும், எந்த உயிரி விடுவிக்கப்பட்டது என்பதை அம்மாதிரிகளே மெய்ப்பிக்கும்.